தீயில் குளிர்ந்த பெட்டி

அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும், அந்தச் சூட்டிலேயே மேலே இருக்கும் பெட்டி குளிரும் என்று சொன்னால், இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கல்வராயன் மலையில் நான் மருந்தாளுநராகச் சேர்ந்த சுகாதார நிலையத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. மார்பு உயரம், வெள்ளைப் பெயிண்ட், பின்பக்கம் முழுக்கக் குழாய்கள். அந்த ஊருக்குக் கரண்டு வந்திருந்தது பெயருக்குத்தான். அதனால் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பு மருந்தெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. சூட்டில் குழாய்க்குள் அமோனியா ஆவியாகிச் சுற்றி வரும், வரும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போய்விடும் என்று மெக்கானிக் ஒருவர் சொன்னார். எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் சிஸ்டர். திருநாவலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், விவசாயக் கூலிகள் வீட்டிலிருந்து நர்ஸ் படித்து வந்தவர். அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. காலையும் மாலையும் தரையில் குத்துக்காலிட்டு, கன்னம் சிமெண்டில் படுகிற அளவுக்குச் சாய்ந்து தீயைப் பார்ப்பார். நீலமாக நின்றால் சரி. மஞ்சளடித்தால் திரி கருகியிருக்கிறது என்று அர்த்தம். உடனே நறுக்கிவிட வேண்டும், விட்டால் கரி படிந்து தானே அணைந்துவிடும். ஒரு முறை விளக்கு நன்றாக எரிந்தும் பெட்டி குளிராமல் போயிற்று. மருந்தையெல்லாம் ஐஸ் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, குழாய்க்குள் அடைத்திருப்பது விலகட்டும் என்று, நான்கு பேரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மறுநாள் நிமிர்த்தி விளக்கைக் கொளுத்தியதும் ஒன்றுமே நடக்காததுபோல் அது குளிர ஆரம்பித்தது.

ஐப்பசி மழையில் சிஸ்டரின் அம்மா இறந்துபோனார். நாலு நாள் லீவு போட்டுக் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "தம்பி, வேற எதுவும் வாணாம், தீய மட்டும் பாத்துக்குங்க. நின்னுகினு பாக்காதீங்க, குனிஞ்சி பாருங்க."

முதல் நாள் குனிந்து பார்த்தேன். இரண்டாம் நாள் காலை எனக்கு ரிஷிவந்தியத்தில் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. முன்பே முடிவான நாள், சிஸ்டருக்கும் தெரியும். முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், வாசலில் நின்றபடியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஓடினேன். சாயங்காலம் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. பெண்ணைப் பிடித்திருந்தது, அவளையே கட்டிக்கொண்டேன், இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்று கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியபோது மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. மூன்றாம் நாள் மதியம்தான் ஒரு ஜீப்பில் ஒட்டிக்கொண்டு மேலே போனேன்.

விளக்கு அணைந்து கிடந்தது. பெட்டிக்குள் இருந்த வெப்பமானி எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. அறையின் வெப்பம் எதுவோ அதையே அது காட்டிக்கொண்டிருந்தது. திரியை நறுக்கினேன், கரியைத் துடைத்தேன், கொளுத்தினேன். தீ நீலமாக நின்றது. மறுநாள் சாயங்காலத்துக்குள் உள்ளே வெப்பம் சரியான அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஒரு முறை சூடேறிய மருந்து, திரும்பக் குளிர்ந்தாலும் கெட்டது கெட்டதுதான். இருட்டும் முன் வந்த சிஸ்டர் பையைக்கூட வைக்காமல் குத்துக்காலிட்டுச் சாய்ந்து பார்த்தார். "நல்லா பாத்துக்கினீங்க தம்பி" என்றார். பிறகு, "பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்டுச் சிரித்தார். அழுது வீங்கிய முகம். அந்தச் சிரிப்பைக் கலைக்க வேண்டாம் என்றுதான் விளக்கு அணைந்ததைச் சொல்லாமல் விட்டதாகப் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, மெமோ வருமே என்று பயந்தேன். மறுநாள் கீழ்ப்புறத்து ஊர் ஒன்றில் முகாம். அந்த மருந்தைத்தான் போட்டோம்.

கோடையில் அந்த ஊரில் தட்டம்மை வந்தது. எங்களிடம் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கும் வந்தது. இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று, காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, தூக்கிக்கொண்டு வரும் வழியிலேயே இறந்துவிட்டது. சிஸ்டர் ஊசி போட்ட கணக்கு நோட்டைப் புரட்டி அந்தக் குழந்தையின் பெயர்மேல் விரலை வைத்தார். "தம்பி, நா ஊருக்குப் போயிருந்தனே, அப்ப தீ எப்பனா அணைஞ்சி போச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சிஸ்டர்."

டாக்டர் வந்து பார்த்தார். ஊசி போட்டும் சிலருக்குப் பலிக்காமல் போவதுண்டு, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கடைசியில் பழி பெட்டியின் மேல் விழுந்தது. பழையது, நம்ப முடியாது என்று எழுதி, லாரியில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். கயிறு கட்டும்போது நானும் ஒரு கை பிடித்தேன். மனசில் ஒன்றும் இல்லை. அழுகையும் இல்லை, பயமும் இல்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருந்தது. அது முழுதாகத் தெளிந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. என் மனைவிக்கு இது தெரியாது. பெண் பார்த்த நாளைப் பற்றி அவள் பேசும்போதெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வைகாசியில் கள்ளக்குறிச்சியிலிருந்து புது மருந்து வரவழைத்து, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் திரும்பவும் போடப் புறப்பட்டோம். ஐஸ் பெட்டி என் தோளில். ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் போனதும், ஏனென்று தெரியவில்லை, பெட்டியை ஒரு பாறைமேல் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன். பெண் பார்க்கப் போன அன்று குனியாமல் ஓடியது, மண் சரிந்தது, விளக்கு அணைந்து கிடந்தது, எல்லாம். சிஸ்டர் வெயிலில் நின்றபடியே கேட்டார்.

"நா கேட்டப்ப ஏன் தம்பி சொல்லல?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொட்டியத் தூக்குங்க. ஐஸு கரஞ்சிகினு இருக்குது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ஓய்வு பெறும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, மேலே எழுதிப் போடவும் இல்லை. வேலை விஷயம் தவிர வேறு எதுவும் என்னிடம் பேசவுமில்லை.

அன்று அந்த ஊரில் வேப்பமரத்தடியில் பெண்கள் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். வரிசையில் நான்காவதாக அந்தத் தாய் நின்றாள். இறந்த குழந்தையின் தம்பிக்கு அப்போதுதான் ஒன்பது மாதம் நிறைந்திருந்தது. போன முகாமின்போது இந்த ஊசி போடும் வயசு அவனுக்கு ஆகவில்லை. அவள் சிஸ்டரைக் கேட்கவில்லை. மருந்தைக் கையில் வைத்திருந்த என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், இது நல்ல மருந்துதானுங்களா?"

சிஸ்டர் ஊசியோடு அப்படியே நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"நல்ல மருந்துதாம்மா" என்றேன்.

அவள் குழந்தையின் சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டு, அவன் தோளை எங்கள் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.