சரிவில் கேட்ட விசில்

மழைக்குள் ஊதுகிற விசில் நனைந்துதான் காதுக்கு வரும். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் சனிக்கிழமைகளில் மகள் உதைபந்து பழகுகிறாள். போன கிழமை தூறலுக்குள் அவளுடைய கோச் நீளமாக ஒரு விசில் ஊதினார். பிள்ளைகள் எல்லாரும் அவரை நோக்கி ஓடினார்கள். காருக்குள் கோப்பியோடு இருந்த எனக்கு மட்டும் கைகள் மெல்ல மேலே எழும்பப் பார்த்தன. கோப்பி மடியில் சிந்தியது.

தொண்ணூறுகளின் நடுவில், கனடாக் கடவுச்சீட்டு கைக்கு வந்த முதல் வருஷம். யாழ்ப்பாணத்தில் சண்டை; நான் அங்கே போக வழி இல்லை. அம்மாவைச் சென்னைக்கு எடுப்பித்து, வாடகை வீடொன்றில் மூன்று கிழமை அவவோடு இருந்தேன். அவ திரும்பிப் போன பிறகும் எனக்குப் பத்து நாள் மிச்சம். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத ஆள் நான். ரொறன்ரோவில் என்னோடு ஒரே பேஸ்மென்ற்றில் குடியிருந்த மதுரைக்காரத் தம்பி ஒருவர் அப்போது விடுமுறையில் டெல்லி வந்திருந்தார். ஹிந்தி நன்றாகத் தெரிந்தவர். நானும் ரயிலேறி டெல்லிக்குப் போய், மலைப்பக்கம் போவோம் என்றேன். "மழைக்காலத்துல மலைக்கு யாருண்ணே போவா?" என்று கேட்டுக்கொண்டே என்னோடு பஸ் ஏறினார்.

சிம்லாவைத் தாண்டியதும் மேகம் ஜன்னலால் உள்ளே வந்து, ஆட்களின் மடியில் சற்று இருந்துவிட்டுப் போனது. தேவதாரு மரங்கள் நின்றபடியே குளித்தன. சின்னச் சின்ன ஊர்கள். தகரக் கூரை, ஈர விறகின் புகை, உப்பும் எலுமிச்சையும் தேய்த்த சுட்ட சோளம். ஒவ்வோர் ஊரிலும் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு காலையும் அடுத்த ஊருக்கு முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினேன்.

நாலாம் நாள் மதியம் பாதை முடிந்துபோனது. மலை தன் ஒரு தோளைக் கழற்றி வீதியில் போட்டிருந்தது. அந்தப் பக்கம் ஆப்பிள் லொறிகள் வரிசையாக நின்றன. அங்கே இது வழமையாம். பயணிகள் பையும் மூட்டையுமாகச் சரிவை நடந்து கடந்து, அக்கரையில் நிற்கிற பஸ்ஸில் ஏறவேண்டும். ஐந்து ஐந்து பேராக விடுவார்கள். வீதி வேலைக்காரர் ஒருவர் இக்கரையில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். கல் அசைந்தால் விசில் ஊதுவார். போனவர்கள் உடனே ஓடித் திரும்பவேண்டும். இதை அவர் ஹிந்தியில் சொன்னபோது தம்பி சோளம் வாங்கப் போயிருந்தார். மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். விளங்காமலே நானும் ஆட்டிவிட்டு அவர்களோடு நடந்தேன்.

நடுச்சரிவில் விசில் கேட்டது. திரும்பினேன். கரையில் காக்கி மழைக்கோட்டு, தோளில் நீளமாக ஏதோ ஒன்று. நாலு பேரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஊரில் நாங்கள் உடம்பால் படித்த பாடம் அது: சீருடை விசில் ஊதினால் ஓடக்கூடாது, ஓடினால் துவக்கால் சுடுவார்கள். பையைக் கீழே வைத்தேன். கடவுச்சீட்டை எடுத்து ஒரு கையில் பிடித்தபடி இரண்டு கைகளையும் உயர்த்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன். காலடியில் பொடிக்கற்கள் ஓடத் தொடங்கியது தெரிந்தது. தெரிந்தும் நின்றேன்.

விசில் ஓயவில்லை. கிட்டக் கிட்ட வந்தது. பிறகு ஒரு கை என் சேட்டுக் கொலரைப் பிடித்தது. இழுத்த இழுவையில் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்து, கரையில் போய்க் கிடந்தேன். பின்னால் மலை ஒரு தரம் இருமியது. பார்த்தபோது என் நீலப் பையைக் காணவில்லை. நான் நின்ற இடத்தையும் காணவில்லை.

விசில்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் துவக்கு என்று கண்டது, கல் நெம்புகிற அலவாங்கு. என்னை இழுக்க ஓடிவந்தபோது அவர் எறிந்துவிட்டு வந்தது சேற்றில் கிடந்தது. இன்னமும் உயர்ந்தே இருந்த என் கையிலிருந்து அவர் கடவுச்சீட்டை எடுத்தார். திறந்து விசாரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. மழைக்கோட்டை விலக்கி, உள்ளே நனையாமல் இருந்த தன் பனியனில் இரண்டு பக்கமும் சேற்றைத் துடைத்து, என் சேட்டுப் பைக்குள் வைத்து, பொத்தானையும் பூட்டிவிட்டார்.

தம்பி இரண்டு சோளத்தோடு ஓடிவந்தார். "என்னண்ணே, கல்லுகிட்டயே சரண்டர் ஆகுறீங்க?" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

ஏன் நின்றேன் என்று விசில்காரர் கேட்டார். விசில் விளங்கவில்லை என்று தம்பியைச் சொல்லச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, அப்படியென்றால் இது என்ன என்றார். அப்போதுதான் சொன்னேன். இராணுவத்தின் சுற்றிவளைப்புகள், வெயிலில் வரிசையாக நின்ற நாட்கள், வரிசையை விட்டு ஓடிய என் கூட்டாளி. தம்பி ஒவ்வொரு வசனமாக ஹிந்தியில் சொன்னார். இரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தும் நான் அவருக்கே சொல்லாத கதை அது. கூட்டாளியைச் சொல்லும் இடத்தில் தம்பி தமிழிலேயே சொல்லத் தொடங்கி, பிறகு ஹிந்திக்கு மாறினார். என் சோளத்தை முறித்துப் பாதியை விசில்காரரிடம் நீட்டினேன். மலையைப் பார்த்தபடியே தின்றார்.

பின்னேரம் கல் ஓய்ந்ததும் விசிலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அக்கரை பஸ்வரைக்கும் எங்கள் இருவரோடும் நடந்து வந்தார். இன்றைக்கும் விசில் கேட்டால் என் கால்கள் ஒரு கணம் நின்றுவிடுகின்றன. ஆனால் அடுத்த கணமே எனக்கு அந்தப் பனியனின் காய்ந்த துணி ஞாபகம் வருகிறது. பஸ் படியில் நான் ஏறியதும் அவர் சொன்னதை, தம்பி தன் மதுரைத் தமிழில் எனக்குத் தந்தார்:

"இனிமே விசில் கேட்டா நிக்காதீங்க. ஊதுறவன் பக்கமா ஓடி வாங்க."