வெளியே வாய் வைத்த கணப்பு

போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, ஏலத்தோட்டத்தை ஒட்டிய அந்தப் பழைய வீட்டைப் பார்க்கப் போனபோது என்னை மயக்கியது கூடத்துச் சுவரில் இருந்த கணப்புதான். செங்கல் வளைவு, உள்ளே ஆள் உட்காரும் அளவுக்கு இடம், கூரைக்கு மேலே புகைக்கூண்டு. குடிவந்த முதல் நாளே விறகை அடுக்கிப் பற்றவைத்தேன். பத்து நிமிஷத்தில் கூடம் முழுக்கப் புகை. என் மனைவி மூச்சுத் திணறி வாசலுக்கு ஓடினாள்.

அவளுக்கு இளைப்பு உண்டு. கணப்பை மூட்டினால் புகையில் இளைக்கும், மூட்டாவிட்டால் குளிரில் இளைக்கும். இரண்டு நாள் தாக்குப்பிடிப்பாள், மூன்றாம் நாள் ஜீப்பைப் பிடித்துப் போடியில் மகள் வீட்டுக்கு இறங்கிவிடுவாள். ஓய்வுபெற்றபின் இருவருமாக மலையில் இருக்கலாம் என்றுதான் அந்த வீட்டை வாங்கினோம். இருந்ததென்னவோ நான் மட்டும். அந்த மார்கழியும் அப்படியே போனால் வீட்டை விற்றுவிடுவது என்று பேசி முடித்தோம். பேசியது அவள், தலையாட்டியது நான். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

கணப்புக்குள் செருகி வைக்கும் இரும்புப் பெட்டி ஒன்று இருப்பதை மகள்தான் செல்போனில் காட்டினாள். நெருப்பு பெட்டிக்குள் எரியும், புகை தனிக்குழாயில் மேலே போகும், முன்னால் கண்ணாடிக் கதவு. படத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் நெருப்பு அத்தனை அழகாக எரிந்தது. ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் கணப்பு முன்னால் அகலம், பின்னால் போகப் போகக் குறுகல். நகரத்துக் கடையில் இருந்த பெட்டிகளில் ஒன்றுகூட உள்ளே நுழையாது. அளவுக்குச் செய்து தருவீர்களா என்று கேட்டதற்கு, மலைக்கெல்லாம் வர முடியாது என்றார்கள். நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

போடியில் ஒரு வெல்டர் இருந்தார், என் வயசுக்காரர். ஏலக்காய் ஸ்டோர்களுக்கு அடுப்பு செய்கிறவர். எங்கள் பக்கம் ஸ்டோர் என்றால் பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். விறகு ஒரு பக்கம் எரியும், சூடு மட்டும் குழாய் வழியே உள்ளே வரும்.

"அண்ணே, ஸ்டோர்ல எப்படிப் போடுவீகளோ அப்படியே போட்டுக் குடுங்க. ஒரு பொட்டுப் புகை உள்ள வரக் கூடாது" என்றேன்.

"காயில புகை வாடை அடிச்சா ஏலத்துல எவன் தொடுவான்? நமக்கு இதே சோலிதானண்ணே. வெரசா முடிச்சுருவோம்" என்றார்.

மறுநாளே வந்து அளவெடுத்தார். வெளிச்சுவரையும் சுற்றிப் போய்த் தட்டித் தட்டிப் பார்த்தார். எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஜீப்பில் பெட்டி வந்தது. நாலு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். அளவு கச்சிதம். முன்பக்கம் முழுக்க மொட்டை இரும்புத் தகடு.

"கதவு எங்கண்ணே?"

"பின்னாடி இருக்கு. சுவத்துல ஓட்டை போட்டாச் சரியாப் போகும்."

"பின்னாடியா?"

"ஸ்டோருக்கு வாய் வெளியதான இருக்கும்? வெளிய நின்னு விறகு போட்டாத்தான புகை உள்ள வராது? நீங்கதான அப்படியே போடச் சொன்னீக?"

எனக்கு வந்ததே கோபம். "இது வீடுய்யா! நான் என்ன ஏலக்காயா காயப்போடப் போறேன்? மழைக்குள்ள நின்னு விறகு தள்ளவா நான் இங்க வந்தேன்?" என்று கத்தினேன். "திருப்பி வச்சுரலாம்ணே, ரெண்டு நாள் சோலி" என்றார் அவர்.

பெட்டியைப் பார்க்கப் போடியிலிருந்து ஏறி வந்து, சால்வையை மூக்குவரை போர்த்தி நின்ற மனைவி அவரிடம் கேட்டாள். "திருப்பி வச்சா, விறகு போடக் கதவத் தெறக்கையில புகை உள்ள வருமா?"

"கொஞ்சம் வரத்தான் செய்யும், மதினி."

"அப்ப இப்படியே இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு நெருப்பப் பாக்க வேணாங்க. மூச்சு விடணும்."

அத்தனை நாளும் நான் பெட்டி தேடியது என் கண்ணுக்கு. அவள் நெஞ்சைப் பற்றி யோசித்தது அந்த வெல்டர்தான், அதுவும் ஏலக்காயை நினைத்துக்கொண்டு. வெட்கமாக இருந்தது. உள்ளே போய் அவருக்கு நானே டீ போட்டு எடுத்துவந்தேன்.

சுவரை உடைத்து வாய் வைத்து, புகைக்கூண்டு உச்சிவரை குழாய் ஏற்றி, சந்து பொந்தெல்லாம் பூசி முடித்தார். வாய்க்கு மேலே ஒரு தகரக் கூரையும் இறக்கினார். முன்தகட்டை வெட்டி, நான் கேட்காமலேயே சூடு தாங்கும் கண்ணாடி ஒன்றைப் பதித்தார். "மதினிக்கு வேணாம், உங்களுக்கு ஆச விடாதுல்ல?" என்று சிரித்தார்.

பூச்சு காய்ந்த அன்று சாயங்காலம் சாரல் அடித்தது. வெளியே நின்று, காய்ந்த சில்வர் ஓக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். தகரக் கூரை தலைக்குத்தான் போதுமானதாக இருந்தது, முதுகு நனைந்தது. அரைமணி கழித்து, "இளைக்குதா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். கட்டையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

கூடம் கதகதவென்று இருந்தது. சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"துணிமணி மட்டும் போதாதுடி. என் தையல் மிசினையும் ஜீப்புல ஏத்தி விட்ரு. எனக்கு இனிமே இங்கதான் சோலி."