கிறிஸ்துமஸுக்கு அக்காவின் பிளவுஸ்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பரிசு என்றால் நான் தைத்ததுதான். கடையில் வாங்கி ரிப்பன் கட்டிக் கொடுப்பதெல்லாம் எனக்குப் பிடிக்காது. டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் என் மாடி அறையில் தையல் மெஷின் சத்தம் ஓயாது. அக்காவின் கணவர், என் மாமா, வருடா வருடம் கேலி செய்வார். "இந்த வருஷமும் பையாம்மா? போன வருஷத்துப் பையே இன்னும் கிழியலயே!" சொல்லட்டும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவரும் அவர்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு மாமாவின் ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைத்தேன். அது சும்மா பேருக்கு. என் மனசெல்லாம் அக்காவின் பிளவுஸில் இருந்தது.

அதற்கு முந்தின வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்தெல்லாம் முடிந்து, முடி வளர்ந்து, பிரியாணி செய்து எங்களைக் கூப்பிடும் அளவுக்குத் தேறிவிட்டாள். புடவையை மட்டும் தொடவில்லை. வீட்டில் தொளதொள நைட்டியும் மேலே ஒரு துண்டும். வெளியே போனால் பெரிய சுடிதார், அதன்மேல் ஸ்வெட்டர். ஆபரேஷன் நடந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு, "குளிருது, நீங்க போயிட்டு வாங்க" என்று சர்ச்சுக்கும் வரவில்லை. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு என்ன புதுக் குளிர்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. புடவை கட்டி வந்தால் சர்ச்சே திரும்பிப் பார்க்கும், அப்படி இருந்தவள். இந்த முறையாவது அவளைப் புடவையில் கூட்டிக்கொண்டு போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் அளவெடுக்க விட்டால்தானே! டேப்பைப் பார்த்தாலே, "சும்மா இருடி" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "டாக்டரைத் தவிர யாரும் பார்க்கல. உங்க மாமாகூடப் பார்க்கல. விடவும் மாட்டேன்" என்று ஒருமுறை என்னிடமே சொன்னாள்.

அதனால் பீரோவிலிருந்து பழைய அளவு பிளவுஸ் ஒன்றை மாமாவை விட்டு எடுத்துவரச் செய்தேன். சிவாஜிநகரில் மயில்கழுத்து நிறத்தில் பட்டுத் துணி கிடைத்தது. உள்ளே மெல்லிய காட்டன் லைனிங். அதில் இடது பக்கம் ஒரு சின்னப் பை. அந்தப் பைக்குள் வைக்க ஒரு பஞ்சுத் திண்டு. வெறும் பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறிவிடும் என்று நடுவில் ஒரு பிடி ராகியும் போட்டுத் தைத்தேன். துவைக்கும்போது திண்டை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முளைத்துவிடும். முடித்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிளவுஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

கிறிஸ்துமஸ் காலையில், சர்ச்சுக்குப் போகும் முன் அக்கா வீட்டில் காபியும் அச்சுமுறுக்குமாக உட்கார்ந்து பரிசுகளைப் பிரிப்போம். அக்கா பிளவுஸை எடுத்துத் தடவிப் பார்த்தாள். உள்ளே கைவிட்டதும் அந்தத் திண்டு தட்டுப்பட்டது. முகம் மாறிவிட்டது. பிளவுஸோடு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிட்டேனா மாமா?" என்றேன். மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பதறி ஓடினேன். அழுகை இல்லை, சிரிப்பு! பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற அவளுடைய பழைய சிரிப்பு.

"ஏய் லூசு! எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதாடி உனக்கு? இருக்கிற பக்கத்துக்கே இன்னொண்ணு வெச்சிருக்க!"

தலையில் அடித்துக்கொண்டேன். லைனிங் துணி திரும்பிக் கிடந்ததைப் பார்க்காமல், இடது என்று நினைத்து வலது பக்கத்தில் பையைத் தைத்துத் தொலைத்திருக்கிறேன். ஊருக்கே பிளவுஸ் தைக்கிறவள் செய்கிற வேலையா இது!

"பிரிச்சு மாத்திடறேன்க்கா, கொஞ்ச நேரம் போதும்" என்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினேன்.

"உள்ள என்னடி வெச்சிருக்க, கரகரங்குது?"

"ராகி."

"ராகியா? கர்த்தரே! மார்ல ராகி முத்தே உருண்டையைக் கட்டிக்கிட்டா நான் சர்ச்சுக்குப் போகணும்?"

மறுபடியும் சிரிப்பு. மாமாவும் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாழ்ப்பாள் திறந்தது. "நீ மட்டும் வா. டேப் வெச்சிருக்கியா?"

என் கைப்பையில் டேப் இல்லாத நாளே கிடையாது. உள்ளே போனேன். கட்டில்மேல் பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தாள். பிளவுஸைக் கழற்றிவிட்டு மேலே போர்த்தியிருந்த துண்டை எடுத்து அதன் பக்கத்தில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றாள். தையல் வடு அக்குள்வரை போயிருந்தது. டேப்பைச் சுற்றிப் போட்டேன். அவள் அசையாமல் நின்றாள்.

வெளியே மாமா குரல் கொடுத்தார். "சர்ச்சுல மணி அடிச்சாச்சு. என்ன பண்றது?"

"நீங்க முன்னாடி போய் எடம் புடிங்க," என்றாள் அக்கா. "நான் வரேன்."