மூன்று அடுப்பு வீடு

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பா அதன் காதில் பாங்கு சொல்லிவிட்டு நேரே செங்கல் வாங்கக் கல்வாடிக்குத்தான் போவார். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவது வழக்கம் என்பதால், பெண்ணின் பெயரில் ஒரு வீடு முன்கூட்டியே எழும்பியிருக்க வேண்டும். பிள்ளை குப்புறப் பழகுவதற்குள் அத்திவாரம் வெட்டியாகிவிடும். எனக்கென்று ஒரு செங்கல்கூட இறக்கவில்லை என்று உம்மாவிடம் அடிக்கடி குறைப்படுவேன்.

"ஒனக்கெதுக்குடா ஊடு? எவளாவது இழுத்துக்கிட்டுப் போவாள்தானே" என்பார் உம்மா.

உம்மாவின் தங்கை, அதாவது என் சாச்சி, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். சாச்சாவுக்கு சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் வேலை. ஒரே மகள். ஒவ்வொரு போகமும் முடிய, அவர்கள் வளவின் பின்பக்கத்தில் அவளுடைய வீடு நாலு வரி உயரும். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. அப்போதுதான் அவளுக்கு வருத்தம் வந்தது. புற்றுநோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'அந்த வருத்தம்' என்று சொல்லிக் குரலைத் தாழ்த்துவார்கள். கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மாதம் கழித்து அவளை ஜனாஸாவாகத்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. அவளிடம் பறித்து வைத்திருந்த பந்தை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் அன்று எனக்கிருந்த பெரிய யோசனை.

ஒரு வருடம் அந்தச் சுவர்களுக்குள் ஆடுகள் மேய்ந்தன. பிறகு ஒருநாள் காலையில் மேசன் வந்து இறங்கினார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவுக்கு இருபது வயதாகியிருந்தது. வாப்பா அவளுக்காக வெட்டிய அத்திவாரத்தில் இருபது வருடமாகக் கோழிகள்தான் குடியிருந்தன. மகள் இல்லாத சாச்சி வீடு கட்டுகிறார் என்றால், அது வேறு யாருக்கு? இதை வாய்விட்டுக் கேட்க உம்மாவுக்குக் கூச்சம். அதனால் என்னை அனுப்பினார். வேவு பார்க்கச் சொன்னால் நான் சோற்றையும் மறந்துவிடுவேன்.

முதல் நாள் கொண்டுவந்த செய்தி, வாசலில் படி இல்லை, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரிச் சாய்வாகப் பூசியிருக்கிறார்கள் என்பது. உம்மா யோசித்தார். இரண்டாம் நாள் கொண்டுவந்த செய்திதான் அவரைக் குழப்பிவிட்டது.

"குசினியில மூணு அடுப்பு கட்டிக் கிடக்கு உம்மா."

"மூணா? ஒரு மருமகனுக்கு மூணு அடுப்பெதுக்கு மனே?"

எனக்கு விடை தெரிந்திருந்தது. சாச்சா இன்னும் இரண்டு பெண்களைக் கலியாணம் முடிக்கப்போகிறார். குர்ஆன் ஓதப் போகும் இடத்தில் இதை நான் பரப்பினேன். அசர் தொழுகைக்குள் விஷயம் சாச்சாவின் காதுக்குப் போனது. அவர் என்னைப் பிடித்து, "ஒண்டையே சமாளிக்க ஏலாமக் கிடக்கு, ரெண்டாடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மகள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஆனால் அடுப்பைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் கலியாணம் பேசுகிறவர் ஒருவர் சந்தியில் என்னை மறித்து, ஒழுங்கைக்குள் எழும்பும் புது வீடு யாருடையது என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்கட ராத்தாடதான்" என்றேன். அதற்கு அவர் ஒரு நெக்டோ வாங்கித் தந்தார். பொய்க்குச் சோடா கிடைக்கும் என்று அன்று படித்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா வந்தார். ராத்தாவைப் பிடித்திருந்தது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "அப்ப ஊட்டையும் பாப்பமே" என்று எழும்பினார். உம்மா இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கும் ஆசை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே நடந்தார்.

புது வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே, தலையில் ஒரு முடிகூட இல்லாத, என் வயதுப் பையன் ஒருவன் பாயில் படுத்திருந்தான். நடு அடுப்பில் அவனுடைய அம்மா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். திருக்கோவில் பக்கத்து ஆட்கள். ஒரு கிழமைக்கு, தினமும் விடியற்காலையில் டவுன் ஆஸ்பத்திரியில் பையனுக்கு ஊசி. அந்த நேரத்துக்கு பஸ் இல்லாததால் இங்கேயே தங்கியிருந்தார்கள். பின்னாலேயே சாச்சி ஓடி வந்தார்.

"இது ஆருட ஊடு?" என்று கேட்டார் நிந்தவூர்க்காரி.

"எங்கட மகள்ற ஊடு."

"மகள் எங்க?"

"மவுத்தாப் போயிட்டா."

நிந்தவூர்க்காரி உம்மாவைப் பார்த்தார். உம்மா என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

கலியாணம் அத்தோடு நின்றுபோனது. அன்று பின்னேரம் உம்மா வேலியோரம் நின்று தங்கையிடம் கேட்டார்: "உசிரோட இருக்கிறவளுக்கு ஊடில்ல. இல்லாதவளுக்கு ஊடு கட்டி, ஆரெண்டு தெரியாத ஆக்களக் குடி வெச்சிருக்காய். என்னகா இது?"

சாச்சி சண்டைக்கு வரவில்லை.

"கொழும்பில புள்ள கஞ்சி கேட்டா, ராத்தா. ஒண்டும் தின்னாத புள்ள, அண்டைக்குத்தான் வாயத் துறந்து கேட்டா. அரிசி இருந்திச்சி, தேங்கா இருந்திச்சி. அடுப்பில்ல. ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி, ஒரு அடுப்புத் தாங்கெண்டு கேட்டன். காய்ச்சிக் கொண்டு போக்குள்ள அவ நித்திர. மறுகா அவ கேக்கல்ல."

உம்மா உள்ளே போனார். மூன்று நாள் வேலிப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் ஒரு சட்டியில் மீன் ஆணம் ஊற்றி, "கொண்டுபோய் அந்தப் பொடியன்ட தாய்க்கிட்டக் குடு. நான் தந்ததெண்டு சாச்சிக்கிட்டச் சொல்லப்படா" என்றார். நான் முதலில் சாச்சியிடம்தான் சொன்னேன். அடுத்த போகத்தோடு வாப்பா கல்வாடிக்குப் போனார். வீடிழந்தது எங்கள் கோழிகள் மட்டும்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் எந்நேரமும் ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்கள் இருந்தார்கள்; ஒரு குடும்பத்துக்கு ஒரு அடுப்பு. நானும் அங்கேயே கிடந்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சாச்சி அந்த வீட்டுக்குள் ஒருநாளும் நேராக நுழைய மாட்டார். வாசலில் நின்று, "வரட்டா?" என்று கேட்பார். மொட்டைத் தலைப் பையன் இருந்தால், "வாங்க மாமி" என்பான். அதற்குப் பிறகுதான் கால் வைப்பார்.

"நீங்க கட்டின ஊட்டுக்குள்ள போகவும் கேக்கணுமா சாச்சி?" என்று நான் பகிடி பண்ணினேன்.

"புள்ளைக்கெண்டு குடுத்த ஊடு மனே. கேக்காமப் போகப்படா."

பெருநாள் கிழமையில் வீடு காலியாக இருந்தது. யாரும் இல்லாத வீட்டிலும் சாச்சி அப்படிக் கேட்பாரா என்று பார்க்க எனக்கு ஆசை. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சாச்சி விளக்குமாறோடு வந்தார். வாசலில் நின்றார்.

"வரட்டா?"

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண் பிள்ளையின் குரலில், "வாங்க உம்மா" என்றேன்.

விளக்குமாறு விழுகிற சத்தம் கேட்டது. மெல்ல எட்டிப் பார்த்தேன். சாச்சி அந்தச் சாய்வு வாசலிலேயே குந்திவிட்டார். அடி விழும் என்று நான் தலையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"இன்னொருக்காச் சொல்லு மனே" என்றார்.

என் பகிடி அவருக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்னையதைவிட இன்னும் நன்றாகச் செய்து காட்டினேன்.