பண்ணைக்காரருக்குக் கலியாண எழுத்து

மகளின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு பலகைத் தட்டு இருக்கிறது. ஒரு பாதியில் அவளுடைய சட்டப் புத்தகங்கள். மறுபாதி முழுக்கத் தொப்பி போட்ட ஆண்கள். எல்லோரும் ஏதாவது ஒரு வேலியில் சாய்ந்தபடி நிற்கிறார்கள். பின்னால் ஒரு மலை, ஒரு குதிரை, மாலை வெயில். ஒருவருக்காவது சட்டைப் பொத்தான் ஒழுங்காகப் பூட்டியிருக்காது. அமெரிக்காவின் மேற்கில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர்கள் காதலில் விழுகிற ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் அவை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கிறாள். அந்தத் தட்டு பல வருடங்களாக என் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அந்த அறையைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த ஆண்களுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன மாசி மாதம் அவள் விழுந்தாள். வீட்டிலிருந்து ரொம்மன் மெட்ரோ நிலையத்துக்கு இறங்கும் சரிவில், பகலில் உருகிய பனி மறுபடி உறைந்து கண்ணாடிபோலக் கிடந்த காலை. வழுக்காமல் இருக்கச் சப்பாத்தில் மாட்டுகிற இரும்பு முட்கள் வீட்டு வாசலில் இருந்தன. "இந்த இறக்கத்துக்கு ஏனப்பா?" என்று கேட்டுவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு நேரமாகிறது என்று ஓடினாள். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போதும் அப்படித்தான் நிற்பேன். அவள் வளைவில் திரும்பி மறைந்ததும்தான் தேநீரைக் குடிப்பேன். அன்றும் தேநீரைக் குடித்தேன்.

நகரசபையின் தண்ணீர்ப் பிரிவில் நான் பொறியியலாளர். அலுவலகத்துக்குப் போய்க் கணினியைத் திறந்த நேரம், தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. நீங்கள் தகப்பனா என்று ஒரு பெண் நோர்வேஜிய மொழியில் கேட்டார். அந்தக் கேள்விக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் அவர் மூச்செடுத்தார். அந்த மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போதும் தெரியாத இலக்கம் அழைத்தால் உடனே எடுக்க என் கை மறுக்கும்.

மண்டைக்குள் இரத்தக் கசிவு இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆனால் மூளை பலமாகக் குலுங்கியிருந்தது. தன்னை யார் கூட்டிவந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், சொன்னதும் மறந்தாள். இளம் டொக்டர் ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வெளிச்சம் குறைந்த அறை, சத்தமில்லாத வீடு, கைத்தொலைபேசி வேண்டாம், வாசிப்பு வேண்டாம். நினைவும் வாசிப்பும் மெல்ல மெல்ல வரும். பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும்.

அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டாம் வருடம் சட்டம் படிக்கிற பிள்ளை. வாசிக்க முடியாவிட்டால், வாசித்தது தங்காவிட்டால், அவள் என்ன செய்வாள்? அதை மனைவியிடம் கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் அறைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருந்தோம்.

அதைவிடப் பயம் அவளுடைய அமைதி. எங்கள் பிள்ளை வாய்க்காரி. என் நோர்வேஜிய உச்சரிப்பை வைத்துப் பகிடி பண்ணாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் வானிலை பார்க்கிறேன் என்று தாயிடம் கோள் சொல்வாள். அவள் இப்போது "ஓம்", "இல்லை", "தெரியேல்லை" என்று மூன்று சொற்களில் வாழ்ந்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மத்தியானம் கேட்டால், மூன்றாவது சொல்தான் பதிலாக வரும்.

வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினேன். ஒரு பின்னேரம் எட்டிப் பார்த்தபோது, தொப்பிக்காரர் புத்தகம் ஒன்றை மூடியபடியே நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"தலை இடிக்குதோ, பிள்ளை?"

"திறந்து பாத்தனான். எழுத்தெல்லாம் நீந்துது."

"நான் வாசிக்கட்டோ?"

"ஓம்."

கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, நடைகூடத்து வெளிச்சம் புத்தகத்தில் விழும்படி கதிரையைப் போட்டேன். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"தமிழில", என்றாள்.

எங்கள் வீட்டில் தமிழ் அவள் முயற்சி செய்யாமல் காதில் விழுகிற மொழி. படிப்பது நோர்வேஜிய மொழியில், பொழுதுபோக்கு ஆங்கிலத்தில். களைத்த தலைக்குத் தமிழ்தான் பாரம் இல்லாமல் இருந்தது போலும். அதனால் ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

கதை இதுதான். மொன்ரானாவில் ஒரு பெரிய மாட்டுப்பண்ணை. நான்கு சகோதரர்கள், ஆளுக்கொரு புத்தகம்; இது மூத்தவருடையது. மூத்தவர் மனிதரோடு பேசமாட்டார், குதிரையோடு பேசுவார். சிக்காகோவிலிருந்து ஒரு பெண் மிருக வைத்தியர் அந்த ஊருக்கு வேலைக்கு வருகிறாள். முதல் நாளே ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போடுவதில் இரண்டு பேருக்கும் சண்டை.

அந்த மனிதரை எப்படித் தமிழ் பேசவைப்பது? "நீங்கள்" என்றால் அலுவலகம் மாதிரி இருந்தது. "நீ" என்றால் எனக்கே பிடிக்கவில்லை. கடைசியில் நான் என் மனைவியோடு பேசுகிற "நீர்" வந்தது. "நீர் சிக்காகோவில படிச்சிருக்கலாம், ஆனா இது என்ர மாடு" என்று மொன்ரானாக்காரர் தொப்பியைக் கழற்றாமல் சொன்னார். அன்றிலிருந்து அவர் அசல் யாழ்ப்பாணத்தார்.

மனைவி முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து, உடுப்பு மடிக்கிற சாட்டில் அறை வாசலில் நிற்கத் தொடங்கினாள்.

"அந்தப் பெட்டைக்குத் தாய் தேப்பன் இல்லையோ?"

"இருக்கினம். சிக்காகோவில."

"பிறகேன் தனிய இந்தக் காட்டுக்குள்ள திரியுது?"

"அவ டொக்டர்."

"என்ன டொக்டர்?"

"மாட்டு டொக்டர்."

மனைவி ஒரு துவாயை மடித்து முடித்தாள். "எண்டாலும் டொக்டர்தானே", என்றாள்.

கட்டிலில் அசைவு இல்லை. கேட்கிறாளா, தூங்கிவிட்டாளா என்று தெரியாது. குரலைத் தாழ்த்தி வாசித்துக்கொண்டே போனேன்.

குதிரைக் கொட்டிலில் முதல் முத்தம் வந்தது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் இரண்டு முகங்கள் நெருங்கினால் எனக்குத் தண்ணீர் விடாய்க்கும். மனைவிக்கு அடுப்பு நினைவு வரும். மகள் கூரையைப் பார்ப்பாள். இது எல்லாத் தமிழ் வீடுகளிலும் எழுதாத சட்டம். இங்கே எழுந்து போக வழியில்லை. கண் வரிகளின் மேல் ஓடியது, வாய் நின்றது. பிறகு சொன்னேன்: "பிறகு ரெண்டு பேரும் கனநேரம் கதைச்சவை."

நல்ல வசனம். ஆற்றங்கரையிலும், வைக்கோல் ஏற்றிய வண்டிக்குப் பின்னாலும் அது எனக்குக் கைகொடுத்தது. பேசாத மனிதர் என்று பெயரெடுத்த அந்தப் பண்ணைக்காரர் என் வாயில் நிறையக் கதைத்தார்.

ஆனால் பனிப்புயல் வந்தது. மாடு தேடிப் போன இருவரும் இங்கே ஆட்கள் விடுமுறைக்குப் போகிற ஹித்த மாதிரி ஒரு மலைக்குடிலில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு போர்வை. அடுத்த பக்கத்தைக் களவாகப் பார்த்தேன். காய்கிற உடுப்புகள், காலைக் கோப்பி, அவளுடைய தோளில் அவருடைய சட்டை. இதைக் கதைத்தார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. வாசலில் வேறு மனைவி நிற்கிறாள்.

புலம்பெயர்ந்த எங்களில் அநேகருக்கு முதலில் கலியாண எழுத்து, பிறகுதான் சடங்கு. சட்டப்படி பதிவு எழுதி, சாட்சிக் கையெழுத்து வைத்தால் அவர்கள் கணவன் மனைவி; தாலி, விருந்து எல்லாம் விசா வந்த பிறகு நாள் பார்த்து நடக்கும். எனக்கும் மனைவிக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த நெருக்கடியில் அதுதான் என் வாயில் வந்தது.

"இதுக்கு முதல் கிழமை ரெண்டு பேரும் டவுனுக்குப் போய்க் கலியாண எழுத்து எழுதிப்போட்டினம். தம்பிமார் ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. சடங்கு பிறகு நாள் பாத்துச் செய்யிறதா இருக்கினம்."

"அப்பாடா", என்றாள் மனைவி. துவாய்களைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகப் போனாள்.

இந்த வகைக் கதைகளில் முக்கால் பங்கு முடிந்ததும் இருவரும் பிரிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மாட்டு டொக்டர் கோபித்துக்கொண்டு சிக்காகோவுக்குப் போனாள். வெளியே பனி உருகத் தொடங்கியிருந்தது. கூரைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம். மகள் இன்னும் அந்த மூன்று சொற்களில்தான் இருந்தாள். கடைசி அத்தியாயத்தில் குதிரைச் சவாரிப் போட்டி நடக்கிற மைதானத்தில், ஊர் முழுக்கப் பார்க்க, பண்ணைக்காரர் புழுதியில் முழங்காலில் நின்று, தொப்பியைக் கழற்றி, மோதிரத்தை நீட்டினார். நான் கதையில் ஊறிப்போய் அப்படியே சொல்லிவிட்டேன்:

"என்னைக் கலியாணம் கட்டுவீரோ?"

கட்டிலில் போர்வை அசைந்தது.

"அப்பா."

"என்ன பிள்ளை?"

"அவைக்குத்தான் எழுத்து முடிஞ்சுதே."

நான் புத்தகத்தைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். கண் மூடியபடிதான் கிடந்தாள்.

"குடிலுக்குப் போக முதல் முடிஞ்சது எண்டு சொன்னீங்கள். தம்பிமார் ரெண்டு பேரும் சாட்சி. பிறகேன் இப்ப திருப்பிக் கேக்கிறார்? அவருக்கும் தலையில அடிபட்டதோ?"

குடில் அத்தியாயம் வாசித்துப் பல நாட்கள் ஆகியிருந்தன. காலைச் சாப்பாட்டை மறந்த பிள்ளை, நான் பொய்யாகச் சேர்த்த இரண்டு சாட்சிகளை மறக்கவில்லை. ஏதாவது சொன்னால் இது கலைந்துவிடும் போல இருந்தது.

"அந்த எழுத்து... அங்கத்தைய சட்டத்துக்குச் செல்லாது போல", என்றேன்.

"நான்தானே சட்டம் படிக்கிறன். செல்லும்." ஒரு கண்ணைத் திறந்தாள். "இந்தப் புத்தகத்தை நான் எத்தினை தரம் வாசிச்சனான் தெரியுமோ? கொட்டிலுக்கை அவை ஒண்டும் கதைக்கேல்லை, அப்பா."

வாசலில் மனைவி. "அப்ப என்ன செய்தவை?"

"அப்பாட்டைக் கேளுங்கோ, அம்மா."

எனக்குத் தண்ணீர் விடாய்த்தது.

குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். உள்ளே தாயும் மகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது. மகளுடைய சிரிப்பு கொஞ்சத்தில் நின்று, "ஐயோ, தலை", என்று முனகி, மறுபடி தொடங்கியது. என்னால் அங்கே போக முடியவில்லை. மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். தண்ணீர்ப் பிரிவில் வேலை செய்கிற மனிதன் குழாயைச் சும்மா ஓடவிட்டதை அன்று அவள் கேட்கவில்லை. முதுகில் கை வைத்தாள். பிறகு கேட்டாள்: "எண்டாலும், அவ ஓம் எண்டு சொன்னவாவோ?"

"இன்னும் வாசிக்கேல்லை."

"போய் வாசியுங்கோவன்."

மாட்டு டொக்டர் ஓம் என்றாள். சொல்லுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் புத்தகங்களின் ஒப்பந்தமே அதுதான்: எவ்வளவு பனி கொட்டினாலும், யார் கோபித்துக்கொண்டு போனாலும், கடைசியில் இரண்டு பேரும் ஒரே வேலியில் சாய்ந்து நிற்பார்கள். சாதாரண நாளில் இதைக் கேட்டால் பெரிதாகத் தோன்றியிராது. ஆனால் அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் முடிவு தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். டொக்டரால் தர முடியாத உத்தரவாதத்தை, முகம் தெரியாத ஓர் எழுத்தாளர் முதல் பக்கத்திலேயே தந்திருந்தார். நான் அதில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு இந்த நாடே கொலைக் கதைப் புத்தகங்களோடு மலைக்குப் போகும். என்ன வாசிக்கிறாய் என்று ஒரு சக ஊழியர் கேட்டார். மாட்டுப்பண்ணைக் காதல் கதை என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். இரண்டாவது தம்பிக்கு இன்னும் பெண் கிடைக்கவில்லை, அதுதான் கவலை என்றேன். அதற்கும் சிரித்தார்.

குணமாவது நேர்கோட்டில் நடக்கவில்லை. ஒரு நல்ல நாளுக்குப் பிறகு இரண்டு இருட்டு நாட்கள் வரும். ஆனால் பகிடி திரும்பிவிட்டது, அதோடு பிள்ளையும். இரண்டாவது புத்தகத்தில் நான் முத்தத்தை நெருங்கும்போதே, "அப்பாக்குத் தண்ணி கொண்டு வாங்கோ, அம்மா", என்று குரல் கொடுப்பாள்.

பேர்ச் மரங்கள் துளிர்த்த ஒரு பின்னேரம், மூன்றாவது தம்பியின் புத்தகத்தோடு பல்கனியில் இருந்தோம். அவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். நான் ஒரு பக்கத்தை முடித்துத் திருப்பியபோது கை நீட்டினாள்.

"தாங்கோ. நான் பாக்கிறன்."

கண்ணாடியைக் கழற்றினாள். புத்தகத்தைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்தாள், பிறகு கிட்டப் பிடித்தாள். நான் வேலியை, கீழே சைக்கிள் ஓடுகிற பிள்ளைகளை, எங்கேயோ பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை.

"நீந்தேல்லை", என்றாள் மெதுவாக.

பிறகு சத்தமாக, என்னைப் போலவே ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். சில சொற்களுக்கு நின்றாள். சிலவற்றை நோர்வேஜிய மொழியில் நிரப்பினாள். மூன்றாவது தம்பி மழையில் நனைந்து, அந்தப் பெண்ணின் வாசலில் வந்து நிற்கிறார். அவள் கதவைத் திறக்கிறாள். அவர் தொப்பியைக் கழற்றுகிறார். மகள் பக்கத்தின் கடைசி வரிகளை மனதுக்குள் வாசித்தாள். அவளுடைய கண் ஒவ்வொரு வரியாக இறங்குவதை இப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, புத்தகத்துக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

"பிறகு ரெண்டு பேரும்", என்றாள், "கனநேரம் கதைச்சவை."