உப்புப் படகும் நிசார் நானாவின் லொறியும்

சிலாபத்துக்கு வடக்கே கால்வாய்ப் பாலத்தருகில் எங்கள் பஸ் நிற்கிறது. வழியை மறித்துக்கொண்டு ஒரு லொறி. புத்தளத்து உப்போடு வந்த புதிய சரக்குப் படகு, பாலத்துக்கு அடியில் நுழைய முடியாமல் கிடக்கிறது. கால்வாயை ஆழமாக்கியவர்கள் பாலத்தின் உயரத்தை யோசிக்கவில்லை. ஆட்கள் உப்பு மூட்டைகளைப் படகிலிருந்து லொறிக்கு மாற்றுகிறார்கள்.

லொறிக்காரர் நிசார் நானா பிளேன்டீ குடித்தபடி நிற்கிறார்.

“படகு வந்தா உங்கட தொழில் படுத்திரும் எண்டாங்களே, நானா?” என்று இறங்கிப்போய்க் கேட்கிறேன்.

“நானும் அப்பிடித்தான் பயந்தேன், தம்பி. லொறிய விக்கவும் பாத்தேன். அல்ஹம்துலில்லாஹ், வாற படகெல்லாம் இங்கதான் நிக்குது.”

“பாலத்தை உயர்த்தப் போறாங்களாமே?”

“ஓம். அதுக்குக் கல்லும் சீமெந்தும் ஏத்துற வேலையும் எனக்குத்தான் தந்திருக்காங்க” என்கிறார். சொன்ன பிறகுதான் அவர் முகம் மெல்ல மாறுகிறது.