நான் வெளியே சொன்ன எண்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகடையில் விழுந்தது மூன்று. என் மகள் பதினான்கு என்றாள். நான் மூன்று என்றேன். நடந்தது இவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வருகிற மனுவில் முத்திரை குறைகிறதா, இணைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, குறையை எழுதித் திருப்பி அனுப்புவது என் வேலை. நன்றாகவே செய்தேன். ஓய்வுக்குப் பிறகு திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை.

மகள் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மணவாழ்க்கை முறிந்து என்னிடமே திரும்பி வந்தவள். வந்த முதல் வருடம் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. பிறகுதான் ஞாயிறு மதியங்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இந்த விளையாட்டைத் தொடங்கினாள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். நடத்துபவர் மட்டும் ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்திக்கொண்டு சிலவற்றை அதன் பின்னால் உருட்டலாம். அந்த எண் அவர் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

நடத்துபவள் என் மகள். ஆட வருகிறவர்கள் இரண்டு பேர். ஏரலில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவன், அவளோடு கல்லூரியில் படித்தவன். இன்னொருத்தி பள்ளி ஆசிரியை, ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்குத் தோழி. மூன்றாவதாக என்னையும் சேர்த்துக்கொண்டாள், வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று.

நான் விதிப்புத்தகத்தை முழுவதும் அச்செடுத்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். யாராவது எரிகிற விளக்கைத் தூக்கிப் பூதத்தின் மேல் வீசினால், அதற்கு எந்தப் பக்கத்தில் அனுமதி இருக்கிறது என்று கேட்பேன்.

"அண்ணாச்சி, பூதம் கழுத்தக் கடிக்க வருது. நீங்க பக்கத்தத் திருப்புதிய!" என்பான் ஏரல்காரன்.

"புத்தகத்துல இல்லாத இடத்துல நடத்துறவ சொல்லுததுதான் சட்டம்ப்பா. அதுவும் அந்தப் புத்தகத்துலதான் போட்டிருக்கு" என்பாள் மகள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழி வெள்ளத்தில் வாழைத்தோட்டத்து மோட்டாரைப் பார்க்கப் போன அவள் தம்பி திரும்பவில்லை. விளையாட்டில் அவள் எடுத்த பாத்திரம் ஓர் இளைஞன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பான். பேசுவதற்கு முன்னால் சிரித்துவிடுவான். எந்த ஆபத்துக்கும் முதலில் போவான். தம்பி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் மூவருக்கும் தெரியும். என் மகள் எல்லாக் கதையிலும் ஓர் ஆறு வைத்தாள். அவன் இறங்குவான். ஒவ்வொரு முறையும் அக்கரை ஏறுவான். ஏறியதும் தோழி குடிநீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிப்பாள்.

பொறிக்கான பகடையைப் போலவே ஆற்றைக் கடக்கிற பகடையையும் தானே மறைப்புக்குப் பின்னால் உருட்டுவேன் என்று மகள் முதல் நாளே சொல்லியிருந்தாள். விதிப்படி ஆடுகிறவர்தான் உருட்ட வேண்டும் என்று நான் ஆட்சேபித்தேன். அவள் கேட்கவில்லை.

எனக்கு வலது காது மந்தம். அதனால் அவளை ஒட்டி எனக்கு நாற்காலி போட்டிருந்தாள். அங்கிருந்து மறைப்புக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். "பாத்தா பாத்துக்கோங்க. வாயத் திறக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். நானும் சரி என்றேன். பத்துக்குக் கீழே விழுந்தால் ஆள் ஆற்றோடு போக வேண்டும். ஏழு விழுந்து அவள் பதினேழு என்று சொன்னதைப் பார்த்தேன். நான்கு விழுந்து பன்னிரண்டு என்றதையும் பார்த்தேன். மாதக்கணக்கில் பேசாமல்தான் இருந்தேன்.

அந்த மூன்று விழுவதற்கு முந்தின ஞாயிறு என் பாத்திரம் செத்தது. ஒரு கிழ வைத்தியன் அவன். குகையில் பொறியில் மாட்டினான். மறைப்புக்குப் பின்னால் மகள் உருட்டியதில் எட்டு விழுந்தது; அதற்கும் பத்து வேண்டும். மகள் எட்டு என்றே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் போன பிறகு, விளையாட்டாகக் கேட்பது போல, "என்னை மட்டும் சாக விட்டுட்டியே" என்றேன்.

"நீங்கதானப்பா சலுகையே வேண்டாம்னு சொன்னீங்க" என்றாள். அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனாலும் அந்த வாரம் முழுவதும் அது எனக்குள் கிடந்தது. எழுபத்து மூன்று வயது எனக்கு. பொறாமைப்பட்டது யார்மீது என்று எண்ணிப் பார்த்தால் கூசுகிறது.

அடுத்த ஞாயிறு இளைஞன் ஆற்றில் இறங்கினான். மகள் உருட்டினாள். "பதினாலு. ஏறிட்டான்" என்றாள்.

"மூணு" என்றேன்.

ஏரல்காரன் உடனே புரிந்துகொண்டான். "அண்ணாச்சிக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று சிரிக்கப் பார்த்தான். அப்போதாவது நான் விட்டிருக்கலாம். "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூணுதான் விழுந்திருக்கு. எடுத்துப் பாருங்க" என்றேன். சொல்லும்போது என் குரலில் அலுவலகத்துக் குரல் இருந்தது.

மகள் பகடையைக் கையால் மூடினாள். தோழி அவளைப் பார்த்து, "மூணா?" என்று கேட்டாள். மகளின் கை பகடை மேலேயே இருந்தது.

தோழி தன் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பள்ளியில் வேலை இருக்கிறது என்று எழுந்தாள். பிறகு வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை. ஞாயிறு ஆட்டம் அதோடு நின்றது.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஞாயிறு மதியங்களில் அதே மேசையில் இப்போது விடைத்தாள் திருத்துகிறாள். என் நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் பொறுத்து, அவளுக்குத் தெரியாமல், டவுன் பஸ் ஏறித் தோழியின் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன். அந்த ஆட்டம் செல்லாது என்று வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்றேன்.

"அன்னைக்கு ஒரு நாள் மூணு விழுந்தது பெரிசில்ல அங்கிள்" என்றாள். "அதுக்கு முந்தி அவன் கரையேறினான்லா, அத்தன தடவ. அதெல்லாம் நெசமா விழுந்ததுதானா? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. பாத்திருப்பீங்கல்லா."

எத்தனை முறை என்று எனக்குத் தெரியும். அநேகமாகப் பாதி.

"எல்லாம் நெசந்தாம்மா. அன்னைக்கு மட்டுந்தான் அவ மாத்திச் சொன்னா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குப் பொய் வரல அங்கிள். அவளுக்கு நல்லா வரும். நான் அவ்வளவு நாளும் நம்பிட்டே இருந்தேன்" என்று சொல்லி, என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கே போய்வந்ததை மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் உடனே கிளம்பிப் போவாள். தோழி இதே கேள்வியை அவளிடமும் கேட்பாள். அதற்குத் தோழி நம்பும்படி சொல்ல அவளுக்கு எந்த எண்ணையும் நான் மிச்சம் வைக்கவில்லை.